கியர்பாக்ஸ் பயமும் கொல்லிமலை ஞாயிறும்: பிடித்த காரை வைத்துக்கொள்வதா, விற்பதா?

“நல்லா ஓடுறப்பவே தள்ளி விட்டுடுங்க.” ஓட்டுவதற்கென்றே ஆசைப்பட்டு ஒரு கார் வாங்கியவர் காதில் நாலாவது, ஐந்தாவது வருடத்திலிருந்து இந்த வாசகம் விழ ஆரம்பிக்கும். வாரண்டி முடிகிற மாதத்தில் கொஞ்சம் சத்தமாகவே விழும். அப்புறம் ஒரு நாள் வாட்ஸப்பில் யாரோ ஒரு படம் அனுப்புவார்கள். அதே மாடல், அதே கலர், டோ வண்டியின் மேல் ஏறி நிற்கும். அன்று ராத்திரி நமக்குத் தூக்கம் போய்விடும். நம் வண்டியோ போர்ட்டிகோவில் ஒரு குறையும் இல்லாமல் நின்றுகொண்டிருக்கும்.

அந்த ராத்திரியில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கார் மெக்கானிசம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று, ஒரு பேனா, ஒரு மாதப் பொறுமை போதும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் நான் எந்தப் பக்கம் சாய்ந்து பேசுகிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. சொந்த ஊர் நாமக்கல். லாரிக்காரர்கள் ஊர். என்னிடம் இருப்பது 2016இல் பதிவான ஒரு சின்ன ஹேட்ச்பேக். டர்போ பெட்ரோல், டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ். கம்பெனி பெயர் வேண்டாம். இரண்டு முறை விற்க முடிவெடுத்தேன், இரண்டு முறையும் விற்கவில்லை. என் தாய்மாமா இருபது வருடம் லாரி வைத்திருந்தவர். முதல் முறை நான் போய்ப் புலம்பியபோது அவர் சொன்னது இது: “வண்டி கெடுமான்னு கேக்காத மாப்ள. எல்லா வண்டியும் கெடும். கெட்டா மறுநாள் லோடு எதுல போவும்னு கேளு.”

நான் இரண்டு வருடம் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது அப்புறம்தான் புரிந்தது.

முதலில் பயத்துக்குப் பெயர் வையுங்கள்

“ரிலையபிலிட்டி சரியில்லையாம்” என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தப் பாகம், எதனால் போகும், போனால் எவ்வளவு செலவு. எழுத முடியவில்லை என்றால் உங்களிடம் இருப்பது கேள்விப்பட்டது மட்டும்தான்.

நம் ஊர்ச் சாலையில் இதற்கு வாகான உதாரணம் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. இங்கே 2013இல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 பிஎஸ் பவர், 175 என்எம் டார்க் (இழுவிசை), ஏழு கியர் டிஎஸ்ஜி. டிஎஸ்ஜி என்பது டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஃபோக்ஸ்வாகன் வைத்த பெயர். பூஜ்யத்திலிருந்து நூறுக்கு 9.7 விநாடி என்று கம்பெனி சொன்னது. அந்த சைஸில் அப்படிப் பாய்கிற ஆட்டோமேட்டிக் அன்றைக்கு அபூர்வம். 2022இல் போலோ உற்பத்தியே நின்றுபோனது. ஆனாலும் வைத்திருப்பவர்கள் அவ்வளவு சுலபத்தில் கொடுப்பதில்லை. கொடுத்தவர்களில் பாதிப்பேர் கொடுத்ததை நினைத்து வருந்திக்கொண்டிருப்பார்கள்.

அதன்மேல் ஒட்டிக்கொண்ட பயத்துக்கு டிகியூ200 என்று பெயர். அந்த ஏழு கியர் பெட்டியின் பெயர் அது. உள்ளே இரண்டு கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒன்று, இரட்டைப்படைக்கு ஒன்று. இரண்டுமே ஆயிலில் நனையாத உலர் கிளட்ச். மேனுவல் காரில் நம் இடது காலும் இடது கையும் செய்கிற வேலையை இங்கே மெக்கட்ரானிக்ஸ் என்ற பாகம் செய்கிறது. கம்ப்யூட்டர், சென்சார், ஹைட்ராலிக் பம்ப், வால்வுகள் எல்லாம் அதற்குள்தான். பம்ப் உண்டாக்கும் அழுத்தத்தைக் குப்பி மாதிரியான அக்குமுலேட்டர் ஒன்று பிடித்து வைத்திருக்கும். அந்தக் குப்பி உட்காருகிற இடத்தில் அலுமினிய உறை விரிசல் விட்டால் அழுத்தம் நிற்காது, கியர் விழாது. கிளட்ச்சுக்கோ சூடுதான் சத்ரு.

இது வெறும் வதந்தியும் இல்லை. 2012இல் சீனாவில் இந்த கியர்பாக்ஸுக்கு வாரண்டியை 10 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. என்று கம்பெனி நீட்டியது. 2013 மார்ச்சில் அதே சீனாவில் 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அந்த வருடம் நவம்பரில் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் வண்டிகளுக்கு அழைப்பு. கியர்பாக்ஸில் இருக்கும் சிந்தெடிக் ஆயிலை இறக்கிவிட்டு மினரல் ஆயில் ஊற்றுவதற்காக. வெப்பமும் ஈரப்பதமும் கூடிய இடங்களில், நின்று நின்று போகிற டிராஃபிக்கில், சிந்தெடிக் ஆயிலால் மின்சாரக் கோளாறு வரலாம் என்றார்கள். வெயில், புழுக்கம், நின்று நின்று போகிற டிராஃபிக். கத்திப்பாராவில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்று பார்த்துவிட்டு எழுதியதுபோல இல்லை?

பெயர் தெரிந்தால் அடுத்த கேள்வி தானாக வரும். உங்கள் வண்டி எந்த வருடத்து வண்டி, அதில் அந்த வேலை செய்யப்பட்டதா? சேசிஸ் நம்பரைச் சொல்லி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

இன்னொன்று. டிஎஸ்ஜி என்றால் எல்லாம் ஒன்றே என்று நினைக்க வேண்டாம். ஆறு கியர் டிகியூ250யில் கிளட்ச் ஆயிலில் நனைந்தே ஓடும்; அதற்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். டிகியூ200க்கு அப்படிக் கட்டாய அட்டவணை கிடையாது. இரண்டையும் குழப்பி பில் போடுகிற கடைகள் உண்டு, இரண்டையும் குழப்பிப் பயப்படுகிற ஓனர்களும் உண்டு. உங்களுடையது வேறு கம்பெனி என்றால் பெயரும் வேறு. ஃபோர்டின் 1.0 ஈக்கோபூஸ்ட்டில் ஆயிலுக்குள் ஓடுகிற டைமிங் பெல்ட். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற பெரும்பாலான டைரக்ட் இன்ஜெக்‌ஷன் பெட்ரோலிலும் இன்டேக் வால்வில் படிகிற கரி. எதுவாக இருந்தாலும் முதல் பக்கம் நிரம்ப வேண்டும்.

ஊர் வண்டிகளை விடுங்கள், உங்கள் வண்டியைப் பாருங்கள்

நான் முதல் முறை விற்க முடிவெடுத்த கதை இது. மழைக்காலம், வண்டியை இரண்டு வாரம் எடுக்கவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால், கியர் காட்டுகிற இடத்தில் ‘பி’ எழுத்து மினுக் மினுக் என்கிறது. லீவரை ‘டி’யில் போட்டால் வண்டி அசையவில்லை. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன், ஒன்றுமே நடக்காததுபோல ஓடியது. நேராக ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். முக்கால் மணி நேரத்தில் பேப்பர் வந்தது: மெக்கட்ரானிக்ஸ் மாற்ற வேண்டும், கூலியோடு 2,30,000 ரூபாய். “எப்ப வேணா நின்னுடும் சார்” என்றார் அட்வைசர். நான் அங்கேயே நின்றபடி விற்பனை விளம்பரத்துக்கு வாசகம் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சேலத்தில் இந்த ரக வண்டிகளைப் பார்க்கிற ஒரு தனி மெக்கானிக்கிடம் போகச் சொல்லி நண்பர் ஒருவர் விரட்டினார். அந்த மெக்கானிக் லேப்டாப்பைச் செருகினார். பதிவான கோளாறுகள் பதினொன்று. அவற்றில் கியர்பாக்ஸ் ஒன்று. மீதி ஏபிஎஸ், ஸ்டியரிங், ஏர்பேக் என்று வண்டி முழுக்கச் சிதறிக் கிடந்தன. அவர் ஸ்க்ரீனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்: “பேட்டரி போட்டு எத்தன வருஷமாச்சுங்க?” வண்டியோடு வந்த பேட்டரி, ஐந்தாவது வருடம். ஸ்டார்ட் செய்கிற அந்த ஒரு நொடியில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று மீட்டர் வைத்துக் காட்டினார். அவ்வளவு இறங்கினால் எல்லா கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் ஒப்பாரி வைக்கும் என்றார். புது பேட்டரி 7,500 ரூபாய். பதிவான கோளாறுகளை அழித்தார். அதில் ஒன்றுகூட இன்றுவரை திரும்ப வரவில்லை.

எல்லாருக்கும் பேட்டரியாக அமையாது. சிலருக்கு அந்த 2,30,000 ரூபாய் பேப்பர் உண்மையாகவே இருக்கும். முதல் பேப்பரை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன். பில் போடப்போகிறவர் அல்லாத ஒருவரிடம், நீங்களே அந்த வண்டியைப் புதிதாக வாங்கப்போவதுபோல முழுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். முந்தின நாள் ராத்திரியே வண்டியை விட்டுவிடுங்கள். ஆறிக் கிடக்கிற இன்ஜினை அவரே காலையில் ஸ்டார்ட் செய்து கேட்க வேண்டும். டூயல் கிளட்ச் என்றால் இரண்டு கிளட்ச்சின் அடாப்டேஷன் எண்களையும் (தேய்மானத்துக்கு ஏற்ப கம்ப்யூட்டர் தன்னைச் சரிசெய்துகொண்ட அளவு) சூட்டுப் பதிவுகளையும் படித்து, படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எண் இன்று நல்லதா கெட்டதா என்பதைவிட, ஆறு மாதம் கழித்து எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதில்தான் சேதி இருக்கிறது. கூலன்ட் குறைகிறதா, இரண்டு சர்வீஸுக்கு நடுவில் ஆயில் எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது, டர்போ குழாய்களில் கசிவு உண்டா, அடிப்பாகத்தில் துரு உண்டா. இதெல்லாம் இரண்டாம் பக்கம்.

செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இதோடு பழைய சர்வீஸ் பில்களையும் தேடிப் பிடியுங்கள். பில் இல்லாத வருடங்களைச் சிவப்பு மையில் குறித்துக்கொள்ளுங்கள்.

கால் பழக்கம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உலர் கிளட்ச் வண்டியை டிராஃபிக்கில் அடி அடியாக ஊர்ந்து ஓட்டாதீர்கள். ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்தபடி தேய்கிறது. முன் வண்டிக்கும் நமக்கும் கொஞ்சம் இடம் விழட்டும், அப்புறம் ஒரே நகர்வாக நகருங்கள். நிற்கும்போது பிரேக்கை முழுசாக அழுத்துங்கள்; அப்போது கிளட்ச் விலகிவிடும். அரைகுறையாக அழுத்திக்கொண்டு நின்றால் விலகாது. ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து வண்டியை நிறுத்தி வைப்பது தற்கொலைக்குச் சமம், ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது? ஆட்டோவும் பைக்கும் அந்த இடைவெளியில் நுழையத்தான் செய்யும். நுழைந்துவிட்டுப் போகட்டும்.

கணக்கு நோட்டு

நாமக்கல்லில் லாரி வைத்திருப்பவர் எவரும் வண்டியை வாங்கிய விலையில் பார்ப்பதில்லை. டீசல், டயர், படி, ரிப்பேர், டியூ எல்லாம் கழித்து கிலோமீட்டருக்கு எவ்வளவு நிற்கிறது என்றுதான் பார்ப்பார்கள். காருக்கும் அதே நோட்டைத் திறக்கலாம். கீழே இருப்பவை உதாரண எண்கள். உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வண்டியின் இன்றைய விலை 4 லட்சம் என்போம். வருடத்துக்கு 40,000 குறைகிறது. வழக்கமான பராமரிப்பு 40,000. அதோடு பயத்துக்கென்று ஒரு நிதி: முதல் பக்கத்தில் எழுதிய பெரிய செலவு 2,20,000 என்றால் அதை 36 மாதமாகப் பிரியுங்கள், மாதம் 6,100. மூன்றையும் கூட்டினால் மாதம் சுமார் 12,800. பெட்ரோலும் இன்ஷூரன்ஸும் தனி.

அடுத்து, “நிம்மதியா புதுசு எடுத்துடலாம்” என்கிற வழி. 12 லட்சம் ரூபாய் வண்டி, 3 லட்சம் கையிலிருந்து, 9 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம். மாதத் தவணை ஏறக்குறைய 18,700. ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 2.2 லட்சம். கவனித்தீர்களா? நாம் பயந்து ஓடிவந்த கியர்பாக்ஸின் விலையை வங்கிக்குக் கட்டியிருக்கிறோம், கியர்பாக்ஸ் மட்டும் வரவில்லை. தேய்மானம் வேறு. இன்ஷூரன்ஸில் ஐடிவி (வண்டிக்குப் போடுகிற மதிப்பு) கணக்கிடுகிற அட்டவணைப்படி முதல் ஆறு மாதத்திலேயே 5 சதவீதம், வருடம் முடிவதற்குள் 15, இரண்டு வருடம் வரை 20, அப்புறம் வருடத்துக்குப் பத்துப் பத்தாக ஏறி ஐந்தாம் வருடத்தில் 50. அந்தக் கணக்கில் 6 லட்சம் போகிறது, அதாவது மாதம் 10,000. வட்டியையும் சேர்த்தால் 13,700. சர்வீஸ் செலவு இன்னும் சேர்க்கவில்லை.

ஆக, இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கியர்பாக்ஸுக்கு யாரோ பில் கொண்டுவந்து நீட்டுவார்கள், நெஞ்சு அடைக்கும். தேய்மானத்துக்கு யாரும் பில் நீட்டுவதில்லை, அதனால் வலிப்பதில்லை.

இதோடு நிறுத்தினால் நான் உங்களை ஏமாற்றியதாகிவிடும். பழைய வண்டிக்கு உண்மையான போட்டி புது வண்டி இல்லை. அதே 4 லட்சத்துக்கு, எந்தத் தெருமுனை மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சேர்க்கிற ஒரு சாது ஹேட்ச்பேக் வாங்கலாம். அதற்குப் பயநிதி தேவையில்லை, பராமரிப்பும் பாதிதான். அந்தப் போட்டியில் நம் வண்டி தோற்றுவிடும். மாதம் ஏழு, எட்டாயிரம் ரூபாய் தோற்கும். அதுதான் சுகத்தின் விலை. அதைக் கொடுக்கலாமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள், ஆனால் அந்த விலை இல்லை என்று மட்டும் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள்.

புதியவர்கள் அடிக்கடி விழுகிற குழி ஒன்று உண்டு: “ஜீரோ டெப் போட்டிருக்கேன், கியர்பாக்ஸ் போனா இன்ஷூரன்ஸ்காரன் குடுப்பான்.” கொடுக்கமாட்டார்கள். ஜீரோ டெப் என்பது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தருகிற பாலிசி, அது விபத்துச் சேதத்துக்கு. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக எடுப்பது பெரும்பாலும் தண்ணீர் புகுந்த இன்ஜினுக்கு. தானாகப் பழுதானதற்கு எக்ஸ்டென்டட் வாரண்டி மட்டுமே பேசும், அதையும் பெரும்பாலும் இருக்கிற வாரண்டி முடிவதற்குள் வாங்கியாக வேண்டும். வாங்கும்போது எதெல்லாம் சேராது என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். கிளட்ச் தேய்மானப் பொருள் என்று அங்கே ஒரு வரி ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். மெக்கட்ரானிக்ஸ் சேரும் என்று எழுத்தில் இருந்தால், என்னைக் கேட்டால், யோசிக்காமல் எடுத்துவிடுங்கள்.

திங்கட்கிழமை எதில் போவீர்கள்?

மாமாவின் கேள்விக்கு வந்துவிட்டோம். ஞாயிறு ராத்திரி வண்டி நின்றுவிட்டது, பார்ட்ஸ் வர மூன்று வாரம் என்கிறார்கள். மறுநாள் ஆபீஸுக்கு எதில் போவீர்கள்? குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது யார்? அம்மாவுக்கு டயாலிசிஸ் என்றால்? இந்தப் பக்கத்தை வீட்டில் இருப்பவர்களோடு சேர்ந்து எழுதுங்கள். தனியாக எழுதினால் “ஓலாவில் போய்க்கலாம்” என்று நான்கு இடத்தில் எழுதி ஏமாற்றிவிடுவீர்கள். நான் எழுதினேன்.

வீட்டில் ஸ்கூட்டர் இருக்கிறது, பஸ் இருக்கிறது, மனைவியிடம் இன்னொரு வண்டி இருக்கிறது என்றால், கெட்டுப்போகக்கூடிய ஒரு காரை வைத்துக்கொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு. இருக்கிற ஒரே வண்டி இதுதான், ராத்திரி அவசரம் என்றால் இதைத்தான் எடுக்க வேண்டும் என்றால், மேலே போட்ட கணக்கு எப்படி வந்திருந்தாலும் நான் விற்கச் சொல்வேன். அல்லது இதை வைத்துக்கொண்டு, ஒன்றரை லட்சத்துக்கு ஒரு பழைய சாது வண்டியை வாங்கி அதன் பக்கத்தில் நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் கடைசியில் அதுதான் நடந்தது. அந்தப் பழைய வண்டியில் ஏசி சரியாக வேலை செய்யாது, வலது பின் கதவு வெளியிலிருந்துதான் திறக்கும், ஒரு நாளும் ஸ்டார்ட் ஆகாமல் இருந்ததில்லை. அது வந்த நாளிலிருந்து எனக்கு டர்போவைப் பற்றிய பயம் பாதி போய்விட்டது. டர்போவில் எதுவும் மாறவில்லை.

ஆளும் பார்ட்ஸும்

கம்பெனி நாட்டை விட்டுப் போய்விட்டதா, மாடல் நின்றுவிட்டதா என்பதைவிட, பாகம் வேறு எந்த வண்டியில் ஓடுகிறது என்று பாருங்கள். ஃபியட் இங்கே கார் விற்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. ஆனால் அதன் 1.3 மல்டிஜெட் டீசல் மாருதியிலும் டாடாவிலும் லட்சக்கணக்கில் ஓடியது, பட்டறைக்குப் பட்டறை அதைத் தெரிந்த ஆள் உண்டு. அதே ஃபியட்டின் 1.4 டிஜெட் பெட்ரோலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அபார்த் புன்டோ வைத்திருப்பவர்கள் ஒரு சென்சாருக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதைச் சகஜமாகச் சொல்வார்கள். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து, மறுவருடம் மறைமலை நகரில் கடைசி வண்டி இறங்கியது. சர்வீஸ் மட்டும் தொடர்கிறது. போலோ போய்விட்டது, ஆனால் டிகியூ200 இன்றும் ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், டைகுன், ஸ்கோடா ஸ்லாவியா, குஷாக்கின் 1.5 டிஎஸ்ஐ மாடல்களில் வந்துகொண்டிருக்கிறது. அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த கைகள் வருடா வருடம் கூடத்தான் செய்யும்.

உங்கள் ஊரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் அப்படி இரண்டு கைகளின் போன் நம்பர் நோட்டில் இருக்க வேண்டும். ஒன்று போதாது. அவருக்கும் மகள் கல்யாணம் வரும், அவரும் சபரிமலைக்கு மாலை போடுவார்.

சுகம் இன்னும் இருக்கிறதா?

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முதலில் இதைச் செய்தால் மற்ற எதையும் செய்யமாட்டீர்கள்.

கடந்த மூன்று மாதத்தில் எங்கேயும் போகவேண்டிய அவசியம் இல்லாமல், ஓட்டுவதற்காகவே எத்தனை முறை வண்டியை எடுத்தீர்கள்? பூஜ்யம் என்றால் உங்களிடம் இருப்பது ஒரு ஞாபகம், அதற்கு மாதம் எட்டாயிரம் அதிகம். ஆனால் அவசரப்பட வேண்டாம், ஒரு ஞாயிறு காலை எடுத்துப் பாருங்கள்.

நான் போவது கொல்லிமலை. நாலே முக்காலுக்குக் கிளம்பினால் காரவள்ளி அடிவாரத்தில் இன்னும் இருட்டு இருக்கும். முதல் வளைவில் 1/70 என்று பலகை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். லீவரை இடப்பக்கம் தட்டி மேனுவலில் போட்டுக்கொள்வேன், இரண்டாவது கியர். வளைவுக்கு முன்னால் பிரேக், ஹாரன், எதிரே ஹெட்லைட் வெளிச்சம் வருகிறதா என்று ஒரு பார்வை, அப்புறம் ஸ்டியரிங்கை ஒரே ஓட்டமாகத் திருப்பி, நேராகத் தொடங்குகிற இடத்தில் மெதுவாக மிதித்தால் டர்போ ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு தள்ளும். வேகம் நாற்பதைத் தாண்டாது, அந்தச் சாலை தாண்டவும் விடாது. முப்பதாவது வளைவு வாக்கில் கண்ணாடியை இறக்கினால் குளிர் உள்ளே வரும். மேலே சோளக்காடு என்ற ஊரில் டீ குடிக்கும்போது இன்ஜின் ஆறுகிற டிக் டிக் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டாவது முறை விற்க முடிவெடுத்தபோது, வாங்க வந்தவர் திங்கட்கிழமை பணம் தருவதாகச் சொன்னார். கடைசியாக ஒரு தடவை என்று ஞாயிறு மேலே போனேன். திங்கட்கிழமை அவருக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டியதில் நியாயம் இருந்தது.

உங்களுக்கு மலை வேண்டியதில்லை. ஏற்காடு, ஏலகிரி இல்லையென்றால் ஊருக்கு வெளியே ஒரு நல்ல வளைவுச் சாலை போதும். ஆனால் வழியெல்லாம் காது கியர்பாக்ஸ் பக்கமே இருந்தது, ஒவ்வொரு சின்னச் சத்தத்துக்கும் வயிறு கலங்கியது, இறங்கும்போது “அப்பாடா” என்று இருந்தது என்றால், கணக்கெல்லாம் வேண்டாம், விற்றுவிடுங்கள்.

விற்பது என்றால்

ஓடும்போதே, முடிந்தால் வாரண்டி இருக்கும்போதே விற்கவும். சோதனை அறிக்கையை வாங்குபவரிடம் அப்படியே காட்டுங்கள். இந்த ரக வண்டியைத் தேடி வருபவர் அதன் வியாதியும் தெரிந்துதான் வருகிறார். மறைத்தால்தான் விலை இறங்கும். கடன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்து ஆர்சியில் அடமானத்தை நீக்குங்கள், அப்புறம் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பெயர் மாறிவிட்டதா என்று பரிவாகன் தளத்தில் பார்க்கும்வரை விற்றதாக நினைக்க வேண்டாம். நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காக இன்ஷூரன்ஸில் கிடைக்கிற தள்ளுபடி, வண்டியோடு போகாது, உங்களோடு வரும். அதிகபட்சம் 50 சதவீதம் வரை இருக்கும், அடுத்த வண்டிக்கு மறக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள்.

வைத்துக்கொள்வது என்றால்

பயநிதியைத் தனிக் கணக்கில் போடுங்கள். சம்பளக் கணக்கில் கிடந்தால் தீபாவளிக்குக் காணாமல் போகும். ஆயிலை 15,000 என்று புத்தகம் சொன்னாலும் 10,000இல் மாற்றுங்கள். புத்தகத்தில் போட்டிருக்கிற தர எண்ணைப் பார்த்தே வாங்குங்கள், “அதே மாதிரிதான் சார்” என்பதை வாங்காதீர்கள். பேட்டரியை நான்காவது வருடத்தில் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள், ஏன் என்று மேலே பார்த்தோம். பங்க்கில் இப்போது வருவது இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பெரும்பாலான வண்டிகள் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. அதனால் சர்வீஸ்தோறும் பெட்ரோல் குழாய்களையும் ரப்பர் சீல்களையும் ஒரு கண் பார்க்கச் சொல்லுங்கள். பாதி டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பதிவான நாளிலிருந்து 15 வருடம் முடிந்தால் ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். காருக்கு மத்திய அரசுக் கட்டணம் 5,000 ரூபாய், பசுமை வரி தனி. என் வண்டிக்கு அது 2031.

முடிவை ஒரே தடவை எடுத்துவிட்டு ஆயுள் முழுக்கச் சுமக்க வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒரு நாள், இன்ஷூரன்ஸ் ரினீவலுக்கு இரண்டு வாரம் முன்னால், அந்த நோட்டைத் திறந்து எல்லாப் பக்கத்தையும் மறுபடி எழுதுங்கள். எனக்கு ரினீவல் நவம்பரில். போன வருடக் கடைசிப் பக்கம் இப்படி இருக்கிறது: கிளட்ச் எண்கள் நகரவில்லை. டயர் இரண்டு. ஏசி கேபின் ஃபில்டர், எலி கடித்தது. கொல்லிமலை ஒன்பது முறை. டோ வண்டி இல்லை. பயநிதியில் 1,34,000. அடுத்த நவம்பர் வரை வாட்ஸப்பில் வருகிற டோ வண்டிப் படங்களைத் திறப்பதில்லை.